கிலோமீட்டர் ஓடுதுங்களா?

போன ஆடியில் உடுமலையிலிருந்து தாராபுரத்துக்கு மாமாவின் 86 மாடல் காரில் போய்க்கொண்டிருந்தோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, வண்டி ஒரே சீராகத்தான் போகிறது, ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் 40க்கும் 70க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடியது. "காத்துக்கு ஆடுதாட்ட இருக்குது" என்றார் மாமா. தாராபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினோம். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, கிலோமீட்டர் ஓடுதுங்களா?"

"ஓடுதுங்ணா."

"அப்பக் கேபிள் அறுகல. காஞ்சு கெடக்குது."

வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் நகர்கின்றனவா என்ற இந்த ஒரு கேள்வியில் பாதி ரிப்பேர் முடிந்துவிடுகிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள மீட்டருக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு ஓட்டம் போகிற ஷாஃப்டில் பினியன் என்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் கடித்துக்கொண்டு சுற்றும். அதிலிருந்து டேஷ்போர்டு வரைக்கும் ஒரு கேபிள். வெளியே உறையாக அவுட்டர், உள்ளே முறுக்குக் கம்பியால் ஆன இன்னர், அதன் இரு முனையும் சதுரமாக அழுத்தப்பட்டிருக்கும். வண்டி ஒரு கிலோமீட்டர் போனால் இன்னர் இத்தனை சுற்று என்பது கணக்கு. ஜப்பானியத் தரத்தில் அது 637. அறுபதில் போனால் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர், ஆக நிமிஷத்துக்கு 637 சுற்று. மற்ற வண்டிகளில் எண் மாறும், பல மீட்டர்களில் டயலிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இந்தச் சுற்று மீட்டருக்குள் நுழைந்ததும் இரண்டு வேலையாகப் பிரிகிறது. ஒன்று, பல்சக்கரங்கள் வழியாகக் கிலோமீட்டர் எண்களை நகர்த்துவது. அது வெறும் பல்லோடு பல், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இன்னொன்று முள், அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. முள்ளுக்கும் கேபிளுக்கும் தொடர்பே கிடையாது! கேபிள் முனையில் சுற்றுவது ஒரு காந்தம், அதைத் தொடாமல் மூடினாற்போல ஒரு அலுமினியக் கிண்ணம், முள் அந்தக் கிண்ணத்தின் அச்சில் இருக்கிறது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, சமையலறைக் குண்டாவில் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஆனால் காந்தம் நகர்ந்தால் அந்த உலோகத்துக்குள் மின்சாரம் சுழி சுழியாக ஓடத் தொடங்கும், அந்தச் சுழிகள் தாங்களே சின்னக் காந்தங்களாகி, ஓடுகிற காந்தத்தின் பின்னால் கிண்ணத்தையும் இழுக்கும். விட்டால் கிண்ணமும் கூடவே சுற்றிவிடும், அதை ஒரு மெல்லிய சுருள்வில் பிடித்து நிறுத்துகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பும் இரண்டு மடங்கு, அதனால்தான் டயலில் 20, 40, 60 எல்லாம் சம இடைவெளியில் இருக்கின்றன. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ஸே என்பவர் 1902இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதே இல்லை. கிணற்றடியில் ஓடுகிற பம்ப் மோட்டாரிலும் உள்ளே சுற்றுகிற பாகமான ரோட்டருக்கு ஒயர் எதுவும் போவதில்லை, சுற்றியிருக்கிற காந்தப்புலம் சுழன்று ரோட்டரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே தண்ணீர் ஏறுகிறது, இங்கே முள் ஏறுகிறது, அவ்வளவுதான்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். எண்ணும் நகரவில்லை, முள்ளும் எழவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மீட்டருக்கு வெளியே: இன்னர் அறுந்திருக்கும், முனை மழுங்கியிருக்கும், இல்லை பினியன் பல் போயிருக்கும். எண் ஓடி முள் செத்துக் கிடந்தால் கிண்ணமோ அச்சோ சிக்கியிருக்கிறது. முள் நன்றாக இருந்து எண் மட்டும் நின்றுபோனால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும்.

எங்களுடையது நான்காவது ரகம். எண்ணெய்ப் பசை காய்ந்த இன்னர் அவுட்டருக்குள் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ளும், கீழ்முனை மட்டும் முறுக்கிக்கொண்டே போகும், பிறகு படக்கென்று விடுபடும், அப்போது மேல்முனைக் காந்தம் ஒரு துள்ளு துள்ளும், முள்ளும் துள்ளும். மெக்கானிக் மீட்டரைக் கழற்றி இன்னரை உருவினார். துருப்பொடி உதிர்ந்தது. மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, தரையில் நீட்டி வைத்து விரலால் உருட்டினார். கம்பி கோணியிருந்தால் உருளாமல் தத்தும், அப்படியென்றால் புதிது வாங்குவதுதான் வழி. எங்களுடையது உருண்டது.

கிரீஸ் தடவும்போது மேல்முனையில் ஒரு சாண் நீளத்துக்குத் தடவாமலே விட்டார். மறந்துவிட்டாரோ என்று கேட்டேன், சிரித்தார். முறுக்குக் கம்பி சுற்றும்போது திருகாணி மாதிரி கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டே போகும், அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், வண்டி இருபதில் போனாலும் முள் 120இல் போய்க் குத்தவைத்துக்கொள்ளும். ஆர்வக்கோளாறில் கேபிளுக்குள் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் செய்வது இதைத்தான். கியர் பாக்ஸ் பக்கத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற ஆயில் சீல் போனாலும் இதே கதை, எண்ணெய் மெதுவாக மேலேறி வந்துவிடும்.

வெயில்கூட ஒரு எதிரி. அலுமினியம் சூடானால் அதில் மின்சாரம் ஓடுவது குறையும், பத்து டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம். ஈரோட்டு வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியில் இது லேசுப்பட்டதல்ல. அதனால் காந்தத்தோடு ஒரு நிக்கல்-இரும்புக் கலவைத் துண்டைச் சேர்த்திருப்பார்கள். அது குளிரில் காந்தப்புலத்தில் கொஞ்சத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும், சூட்டில் விட்டுக்கொடுத்துவிடும், கணக்கு சரியாகிவிடும். இந்தத் துண்டை யோசித்தவரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

திரும்பி வரும்போது முள் அசையாமல் 60இல் நின்றது. சும்மா இருக்காமல் கிலோமீட்டர் கல்லை வைத்து நேரம் பார்த்தேன். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 64 விநாடி, அதாவது உண்மையில் 56தான். மறுபடியும் அதே கேள்வி: கிலோமீட்டர் எப்படி ஓடுகிறது? பத்துக் கல்லுக்கு எண்ணும் சரியாகப் பத்துதான் காட்டியது. எண்ணும் தப்பாக இருந்தால் டயர் சைஸ் அல்லது பினியன் என்று சொல்லலாம், எண் சரியாக இருப்பதால் தப்பு முள்ளிடம்தான், சுருள்வில் தளர்ந்திருக்கலாம், இல்லை தயாரிக்கும்போதே கொஞ்சம் கூட்டி வைத்திருக்கலாம். ஐரோப்பிய விதிப்படி முள் உண்மையான வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, கூடக் காட்டினால் ஓரளவுக்குப் பரவாயில்லை.

மீட்டரை மறுபடி கழற்றலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "நாலு கூடக் காட்டுனாக் காட்டீட்டுப் போகுது, உடு கண்ணு" என்றார்.