தூண்டில்: ‘ஃபிஷிங்’ மோசடிக்குத் தமிழில் என்ன சொல்?

நம்பத்தகுந்தவர்போல் போலிச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் கறக்கும் மோசடிக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிஷிங்’ என்று பெயர். அதை அப்படியே தமிழில் எழுதியவுடனேயே ஒரு நுட்பம் தொலைந்துபோகிறது. ஆங்கிலத்தில் மீன்பிடித்தலும் இந்த மோசடியும் ஒலியில் ஒன்று, எழுத்தில் வேறு. மீன்பிடித்தல் ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும். மோசடியோ ‘பி’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். அச்சொல்லின் சிலேடை முழுவதும் அந்த எழுத்து வேறுபாட்டில்தான் இருக்கிறது. நம் எழுத்தில் இரண்டும் ஒரே ‘ஃபிஷிங்’. ஒலிபெயர்த்து எழுதினால் வாசகருக்கு மீனும் தெரிவதில்லை, மோசடியும் தெரிவதில்லை.

அந்த இரண்டு எழுத்துகள் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தவை. தொலைபேசி வலையமைப்பை ஏமாற்றிக் காசில்லாமல் பேசும் வித்தைக்கு அமெரிக்காவில் ‘ஃப்ரீக்கிங்’ என்று பெயர். ‘ஃபோன்’ என்பதையும் பித்தரைக் குறிக்கும் ‘ஃப்ரீக்’ என்பதையும் ஒட்டிச் செய்த சொல் அது. 1970களில் அங்கே 2600 ஹெர்ட்ஸ் ஒலியை வாய்ப்பேசியில் ஊதினால், நெடுந்தொலைவு இணைப்பு ஓய்ந்து கிடப்பதாகத் தொலைபேசி நிலையக் கருவி எண்ணிக்கொள்ளும்; காசில்லாமல் பேச வழி திறக்கும். அந்த வித்தைக்காரர்களின் எழுத்துப் பழக்கம் பின்னர் கணினிக் குறும்பர்களிடமும் தொற்றியது. 1990களின் நடுவில் அவர்களில் சிலர், ஏஓஎல் என்ற இணையச் சேவையின் பயனர்களுக்கு நிறுவன ஊழியர்போலச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினார்கள். அதற்கு உதவும் ‘ஏஓஹெல்’ என்ற மென்பொருளும் கைமாறியது. ஆயிரம் பேருக்கு வீசினால் யாராவது சிலர் கடிப்பார்கள் என்பதுதான் கணக்கு. ஆகவே மீன்பிடித்தல் என்ற பெயர் பொருந்தியது. எழுத்து மட்டும் தொலைபேசிக் கூட்டத்தினுடையது. 1996 ஜனவரிக்குள் சொல் எழுத்தில் பதிவாகிவிட்டது.

தமிழில் இதற்கு ‘மின்னஞ்சல் மோசடி’ என்று எழுதுவோர் உண்டு. அது மிக அகலமான சொல். போலிப் பொருள் விற்பதும் அதற்குள் அடங்கிவிடும். குறுஞ்செய்தியிலும் அழைப்பிலும் நடப்பதோ அதற்குள் அடங்காது. என் தேர்வு ‘தூண்டில்’. தனியே நிற்கும்போது ‘மின்தூண்டில்’ என்றோ ‘தூண்டில் மோசடி’ என்றோ எழுதலாம். தூண்டில் மடல், தூண்டிலிடுதல், தூண்டிலில் சிக்கினார் எனக் கிளைச் சொற்களும் இயல்பாக வருகின்றன.

இது ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பாக மட்டும் நிற்பதில்லை. அதைவிடக் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. தூண்டில், ‘தூண்டு’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். மங்கும் விளக்கின் திரியைத் தூண்டுகிறோம். ஒருவரைச் செயலுக்குத் தூண்டுகிறோம். மோசடி மடல் செய்வது அதையேதான். ‘இன்னும் 24 மணி நேரத்தில் உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்ற வரி உங்கள் அச்சத்தைத் தூண்டுகிறது. ‘உங்களுக்குப் பணம் திரும்பி வரவேண்டியிருக்கிறது’ என்பது ஆசையைத் தூண்டுகிறது. மேலதிகாரியின் பெயரில் வரும் ‘உடனே வேண்டும்’ கடமை உணர்வைத் தூண்டுகிறது. நன்கு படித்தவர்களும் இதில் சிக்குவதற்குக் காரணம், அறிவு விழித்துக்கொள்ளும் முன்பே விரல் அசைந்துவிடுவது. சிக்கியவரை முட்டாள் என்று ஏசுவதை நான் ஏற்பதில்லை.

திருக்குறளின் 931ஆம் குறள், சூதில் கிடைக்கும் வெற்றியை ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்கிறது. பொன் என்பது இங்கே தங்கமன்று. தூண்டிலின் இரும்பு முள். மீன் தனக்கு இரை கிடைத்ததாகவே எண்ணுகிறது.

மின்தூண்டிலிலும் இரை வேறு, முள் வேறு. மடல் சொல்லும் கதை இரை. அதிலுள்ள இணைப்பும் அது கொண்டுசேர்க்கும் போலி உள்நுழைவுப் பக்கமும் முள். இரையைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிக்க முயன்றால் தோற்றுப்போவோம். பிழை மலிந்த நடையே மோசடியின் அடையாளம் என்ற பழைய அறிவுரை இன்று உதவாது. பிழையில்லாத மடலை யாரும் எழுதிவிடலாம். பார்க்கவேண்டியது முள்ளை. அனுப்புநர் பெயரை யாரும் எப்படியும் இட்டுக்கொள்ளலாம் என்பதால் முழு முகவரியையும் படியுங்கள். இணைய முகவரியில் ‘https://’ என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள். தளத்தின் உண்மையான உரிமையாளர் அதன் வலக்கோடியில்தான் தெரிவார். நன்கறிந்த நிறுவனத்தின் பெயர் அதற்கு இடப்பக்கம் எத்தனை முறை வந்தாலும் அதற்கு மதிப்பில்லை. ஆங்கில ‘ஆர்’, ‘என்’ சிற்றெழுத்துகள் ஒட்டி நின்றால் ‘எம்’போலத் தெரியும், ‘ஓ’ இருக்குமிடத்தில் பூஜ்யம் இருக்கும். பூட்டுச் சின்னத்தை நம்பிவிடாதீர்கள். தகவல் மறையாக்கத்துடன், அதாவது இடையில் யாரும் படிக்கமுடியாதபடி, போகிறது என்பதைத்தான் அது காட்டும், போய்ச் சேருமிடம் திருடனுடையதா என்பதைக் காட்டாது. எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. மடலிலுள்ள இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள்.

கடவுச்சொற்களைச் சேமித்துவைத்து உரிய தளத்தில் தானே நிரப்பும் ‘கடவுச்சொல் நிர்வாகி’ மென்பொருளை நான் வற்புறுத்திச் சொல்வேன். நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. தளத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) நல்ல காவல்தான். ஆனால் போலிப் பக்கத்தில் நீங்கள் இட்ட எண்ணை அதே நொடியில் உண்மையான பக்கத்தில் இட்டு நுழைந்துவிடுகிறார்கள். தளத்தின் முகவரியோடு பிணைந்த பாதுகாப்புச் சாவி, அதாவது உள்நுழைய உதவும் சிறு கருவி, இந்தத் தந்திரத்துக்கும் இடங்கொடுப்பதில்லை.

ஒருவரைப் பற்றி விசாரித்து அவருக்கென்றே எழுதும் மடலை ஆங்கிலத்தில் ஈட்டியோடு ஒப்பிடுவார்கள். மீனை எறிந்து குத்தும் கருவிக்குப் பழந்தமிழில் ‘எறியுளி’ என்ற அழகான பெயர் இருக்கிறது. அதை மீட்க எனக்கு ஆசைதான். ஆனால் அடிக்குறிப்பு இல்லாமல் புரியாது. ‘குறிவைத்த தூண்டில்’ போதும். தொலைபேசி அழைப்பில் வருவது குரல்வழித் தூண்டில், குறுஞ்செய்தியில் வருவது குறுஞ்செய்தித் தூண்டில்.

தூண்டிலின் விளைவாகப் பல நேரங்களில் வருவது அடையாளத் திருட்டு. இதை ‘ஆள்மாறாட்டம்’ என்று எழுதுவது பாதி சரி. பெயர், பிறந்த தேதி, அடையாள எண் ஆகியவற்றைக் கவர்வது திருட்டு; அவற்றைக் காட்டி உங்கள் பெயரில் கடன் வாங்குவது ஆள்மாறாட்டம். இரண்டுக்கும் நடுவே மாதங்கள் ஓடலாம். பணப்பை திருடுபோனால் பை வெறுமையாகும், தெரிந்துவிடும். அடையாளம் திருடுபோனாலோ அது உங்களிடமும் அப்படியே இருக்கும். அதனால்தான் தாமதமாகத் தெரியவருகிறது.

முள்ளை விழுங்கிவிட்டோம் என்று ஐயம் எழுந்தால் முதலில் மின்னஞ்சல் கணக்கைக் காப்பாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழி அங்கேதான் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். வங்கி விவரம் கொடுத்திருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கு அறிவியுங்கள். பிறகு மின்னஞ்சல் அமைப்புகளில், உங்கள் மடல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதேனும் புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது அங்கேயே இருந்து வேலை செய்துகொண்டிருக்கும்.