சுற்றுச்சூழல், சூழலியல்: "சூழ்"ங்கிற வேர் என்ன சொல்லுது?

சுற்றுச்சூழல், சூழலியல் ரெண்டும் ஒண்ணுதானேன்னு நிறைய பேர் மாத்தி மாத்தி எழுதுறாங்க, செய்திலகூட அப்படி வருது, ஆனா ரெண்டுக்கும் பொருள் வேற.

சுற்றுச்சூழல்னு நாம சொல்ற என்விரான்மென்ட் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல், சுத்தி வளைச்சு நிக்கிறதுன்னு வேர்ப்பொருள். காத்து, தண்ணி, மண்ணு, மத்த உயிர்னு நம்மைச் சுத்தி இருக்கிற எல்லாம் இதுல அடக்கம். எக்காலஜி ஒரு அறிவியல் துறையோட பேரு, 1866ல ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் வச்சது, கிரேக்கத்துல ஓய்கோஸ்னா வீடு, எக்கனாமிக்ஸ்லயும் இதே வீடுதான் ஒளிஞ்சிருக்கு. உயிர்களுக்கும் அதுங்க வாழுற இடத்துக்கும் என்ன உறவுன்னு பாக்கிற இந்தப் படிப்புக்குத்தான் தமிழ்ல சூழலியல்னு பேரு.

சுற்றுன்னாலும் சூழல்னாலும் ஒரே பொருள்தானே, எதுக்கு ரெண்டு தடவைன்னு கேக்கலாம். இலக்கணத்துல இதை ஒருபொருட்பன்மொழின்னு சொல்வாங்க, மீமிசை மாதிரி (மீ, மிசை ரெண்டுக்கும் மேலன்னுதான் பொருள்), தப்பே இல்ல. வெறும் சூழல்னா அரசியல் சூழல், குடும்பச் சூழல்னு நிலைமையையும் குறிச்சிடும், அதனால முன்னாடி சுற்று இருக்கட்டும்னுதான் நான் சொல்வேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தச் சூழ்ங்கிற வேர். பழைய தமிழ்ல சூழ்தல்னா வளைச்சு நிக்கிறது, கூடவே ஆராய்ஞ்சு யோசிக்கிறதும்தான். இன்னிக்கு சூழ்ச்சின்னா சதின்னு ஆகிப்போச்சு, ஆனா குறள்ல "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்"னு வர்ற இடத்துல அதுக்கு ஆலோசனைன்னு பொருள், அப்படித் துணிஞ்சதைத் தள்ளிப்போட்டா தீதுன்னு அடுத்த அடியிலயே வருது. சுற்றுச்சூழல் கல்விங்கிற பாடமே இந்த ரெண்டு பொருளுக்கும் நடுவுலதான் ஓடுது, நம்மைச் சூழ்ந்து இருக்கிறதுக்கு என்ன ஆச்சு, அதுக்கு நாம என்ன சூழப்போறோம். தள்ளிப்போட்டா என்ன ஆகும்னு பாருங்க, 1952 டிசம்பர்ல லண்டனை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து அஞ்சு நாள் மூடிக் கிடந்துச்சு, ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தாங்க, காத்தைச் சுத்தமா வச்சுக்கச் சட்டம் வந்தது 1956லதான். ஃப்ரிட்ஜ், ஏசியில எல்லாம் போட்டுவந்த சிஎஃப்சி வாயு, புறஊதாக் கதிரைத் தடுக்கிற ஓசோன் படலத்தை அரிக்கும்னு வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974லயே எச்சரிச்சாங்க, 1985ல அண்டார்டிகாவுக்கு மேல ஓட்டை விழுந்தது தெரியவந்து, 1987லதான் அந்த வாயுவைக் கட்டுப்படுத்துற மான்ட்ரியல் ஒப்பந்தத்துல கையெழுத்தாச்சு. நடுவுல பதிமூணு வருஷம்! அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

இந்த யோசனைப் பக்கத்துலயும் ரெண்டு சொல்லைக் குழப்பிக்கக் கூடாது. மிட்டிகேஷன்னா தணிப்பு, அதாவது புகையைக் குறைக்கிற மாதிரி காரணத்துலயே கை வைக்கிறது. அடாப்டேஷன்னா தகவமைப்பு, கடல் மட்டம் ஏறுதுன்னு கரையை உயர்த்திக்கிற மாதிரி, வந்துட்ட மாற்றத்துக்கு ஏத்தபடி நம்ம ஏற்பாட்டை மாத்திக்கிறது.

அதே மாதிரி சூழலியலாளர்னு எழுதினா அந்தத் துறையில ஆராய்ச்சி பண்றவர்னு அர்த்தம், சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுக்கிறவங்களை சுற்றுச்சூழல் ஆர்வலர்னு எழுதுங்க, ஒரே ஆள் ரெண்டுமா இருந்தா ரெண்டையும் போடுங்க.