பையின் லிட்டரைப் பார்க்கிறீர்கள், முதுகின் நீளத்தை யார் பார்ப்பது?

மறுபடியும் ஒருவர். மலைக்காட்டில் மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்கி நடந்துவிட்டு வந்தவர். சட்டையைக் கழற்றச் சொன்னால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இரண்டு தோளிலும் பட்டை அழுந்திய இடம் கன்றிப்போயிருந்தது. இடுப்பில் ஒரு தடமும் இல்லை. பாதி விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. "பை என்ன சைஸ்?" என்றேன். "75 லிட்டர் மேடம்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. நான் கேட்டது அதை இல்லை.

பிசியோதெரபி செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு ட்ரெக்கிங் சீசன் முடிந்தால் இந்தக் கூட்டம் வந்துவிடும். தோள் மரத்துப்போனவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள், "முழங்கால்தான் வலிக்குது, பைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்கள். எல்லாரிடமும் விலை உயர்ந்த பை இருக்கிறது. ஆன்லைனில் பத்து விமர்சனம் படித்துவிட்டு வாங்கிய பை. அவரவர் முதுகை அளந்து பார்த்தவர்தான் யாரும் இல்லை.

முதுகுப்பைக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று லிட்டர்: உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பது. இன்னொன்று முதுகு நீளம்: தோள்பட்டை, அதாவது தோளில் மாட்டும் பட்டை, தைத்திருக்கும் இடத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவே உள்ள தூரம். முதலாவதைப் பையின் வெளியிலேயே பெரிதாக அச்சடித்திருப்பார்கள். இரண்டாவது உள்ளே ஒரு மூலையில் எஸ், எம், எல் என்று ஒற்றை எழுத்தாக ஒளிந்துகொண்டிருக்கும். மலிவான பைகளில் அதுகூட இருக்காது. ஆனால் உங்கள் உடம்புக்குத் தெரிவது இந்த இரண்டாவது அளவு மட்டும்தான். லிட்டர் தப்பாகப் போனால் கூடுதல் சாமான் தூக்குவீர்கள், அவ்வளவே. முதுகு நீளம் தப்பாகப் போனால் அந்தச் சாமான் முழுக்கத் தோளில் தொங்கும்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரே பதில் வரும். "நான் ஆறடி மேடம், அதனால லார்ஜ்தான் வாங்கினேன்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உயரம் என்பது காலும் முதுகும் கழுத்தும் தலையும் சேர்ந்த கணக்கு. பை உட்காருவது முதுகில். உங்கள் உயரத்தில் பெரும்பங்கு காலாக இருந்தால் அந்தக் காலில் பையை மாட்டப்போவதில்லையே! ஆறடி ஆளுக்கு நீண்ட காலும் குட்டை முதுகும் இருக்கலாம். ஐந்தரை அடி ஆளுக்குக் குட்டைக் காலும் நீண்ட முதுகும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே எம் சைஸ் பை பொருந்தும். கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்தால் ஒரே உயரமாகத் தெரிவதும், எழுந்து நின்றால் ஒருவர் ஒரு சாண் உயர்ந்துவிடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உட்கார்ந்த உயரம் வேறு, நின்ற உயரம் வேறு. செருப்பு வாங்கும்போது "நான் ஆறடி, பத்தாம் நம்பர் குடுங்க" என்று யாராவது கேட்கிறோமா? காலை நீட்டி அளவு பார்க்கிறோம். முதுகுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

சரி, அளப்பது எப்படி? தையற்காரர் வைத்திருக்கும் டேப்பும் கூட ஓர் ஆளும் போதும். தனியாக அளக்காதீர்கள், தப்பாக வரும். தலையை முன்னால் குனியுங்கள். கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். விரலை வைத்தாலே தெரியும். மேல் முனை அதுதான். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். பலரும் இங்கே பேண்ட் பெல்ட் இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். அது இல்லை, எலும்பு அதற்கும் மேலே இருக்கும். கட்டை விரல்கள் பின்பக்கம் பார்த்திருக்கட்டும். இரண்டு கட்டை விரலையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அது முதுகெலும்பைக் கடக்கும் இடம் கீழ் முனை. நிமிர்ந்து நின்றுகொண்டு, முதுகின் வளைவோடு டேப்பை ஒட்டிப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள்.

ஏறக்குறைய 40 செ.மீ.க்குக் கீழே வந்தால் எக்ஸ்ட்ரா ஸ்மால், 40 முதல் 45 வரை ஸ்மால், 45 முதல் 50 வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் எழுத்தை நம்பாமல் அந்தக் கம்பெனியின் அட்டவணையில் செ.மீ. கணக்கைப் பாருங்கள். பெண்களுக்கென்று வரும் பைகளை நிறத்துக்காகச் செய்தது என்று ஒதுக்காதீர்கள். அவற்றில் முதுகு குட்டை, தோள்பட்டைகளுக்கு நடுவே இடைவெளி குறைவு, இடுப்புப் பட்டையின் சாய்வும் வேறு. ஒல்லியான, குறுகிய தோள் உள்ள ஆண்கள் சிலருக்கும் அதுதான் கச்சிதமாகப் பொருந்தும். கூச்சப்பட வேண்டியதில்லை.

மேலே சொன்ன நோயாளியின் பையை மறுநாள் கொண்டுவரச் சொல்லி மாட்டிப் பார்த்தேன். தோள்பட்டை தோளில் சரியாக உட்கார்ந்தபோது இடுப்புப் பட்டை எலும்பைத் தாண்டிப் பின்பக்கச் சதைக்கு இறங்கிவிட்டது. ஏற்றத்தில் காலைத் தூக்கும்போதெல்லாம் தொடையில் இடித்ததாம். "அதனால பக்கிளை மாட்டவே இல்லை, தொங்கவிட்டுட்டேன்." மூன்று நாளும் மொத்தச் சுமையும் தோளில். பட்டையை இடுப்பெலும்பில் வைத்துக் கட்டினால் மேலே தோளுக்கும் பட்டைக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் இடைவெளி. அவர் முதுகு 44 செ.மீ., பை லார்ஜ். அந்தப் பையின் பின்னால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருந்தது. வெல்க்ரோவைப் பிரித்து இரண்டு படி இறக்கினால் ஓரளவு பொருந்தியிருக்கும். விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் பிரித்துப் பார்க்கவில்லை. நண்பரிடம் இரவல் வாங்கும் பைக்கும் வாடகைப் பைக்கும் இதே கதைதான். போன முறை மாட்டியவரின் முதுகுக்கு வைத்த நீளத்திலேயே நீங்களும் மாட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள்.

இனி லிட்டருக்கு வருவோம். ஓரிரு இரவு முதல் மூன்று இரவு வரை என்றால் 30 முதல் 50 லிட்டர். மூன்றிலிருந்து ஐந்து என்றால் 50 முதல் 70. அதற்கு மேலும், பனிக்காலமும் என்றால் 70க்கு மேல். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனியின் 60 லிட்டரும் இன்னொன்றின் 60 லிட்டரும் ஒன்றுபோலவே கொள்ளும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பைக்குள் சிறு பிளாஸ்டிக் குண்டுகளைக் கொட்டி அளக்கும் ஒரு தர முறை இருக்கிறது. ஆனால் எல்லாரும் அதன்படிதான் அளக்கிறார்கள், வெளிப்பாக்கெட்டை எல்லாரும் ஒரே மாதிரி கணக்கில் சேர்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் ஸ்லீப்பிங் பேக், கூடார மூட்டை, சாப்பாடு எல்லாவற்றையும் கடைக்கே எடுத்துப்போய்த் திணித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

"கொஞ்சம் பெரிசா வாங்கிட்டா எதுக்கும் உதவும்" என்பது அடுத்த எரிச்சல். இடம் இருந்தால் நிரப்புவீர்கள். நிரப்பாத மனிதரை நான் பார்த்ததில்லை. பல நாள் நடைக்கு, தூக்கும் மொத்த எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. இப்போது கழித்துப் பாருங்கள். காலிப்பையே 2 கிலோ இருக்கும். தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ. உலர்ந்த சாப்பாடு நாளைக்கு முக்கால் கிலோ என்றாலும் மூன்று நாளுக்கு இரண்டேகால். கூடாரத்தில் உங்கள் பங்கு, ஸ்லீப்பிங் பேக், பாய் எல்லாம் சேர்த்து 3 கிலோவுக்கு மேல். மீதி இருப்பது இரண்டரை கிலோ. இதில்தான் மழைக்கோட்டு, குளிருக்கான உடுப்பு, முதலுதவி, அடுப்பு, பாத்திரம் எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் இரண்டாவது ஜீன்ஸுக்கு இங்கே எங்கே இடம்?

பெரிய பை மோகத்துக்கு இன்னொரு காரணம் வீடியோக்கள். வேட்டைக்கு உரிமம் தரும் நாடுகளில் நாள்கணக்கில் காட்டுக்குள் போகும் வேட்டைக்காரர்கள் 80, 100 லிட்டர் பையோடு நடப்பதைப் பார்த்துவிட்டு "அந்த மாதிரி வேணும்" என்கிறார்கள். அவர்கள் கணக்கு வேறு. எல்க் போன்ற பெரிய மான் கிடைத்தால் எலும்பு நீக்கிய இறைச்சியைச் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும், அதுவும் பல நடையாக. அதற்காகவே பலமான சட்டகம் இருக்கும். பைக்கும் சட்டகத்துக்கும் நடுவே இறைச்சி மூட்டையை வைத்துக் கட்ட ஓர் இடம் இருக்கும். முதுகை ஒட்டிக் கனம் இருக்க வேண்டும் என்பதால்தான் அந்த இடம் அங்கே. போகும்போது பக்கத்துப் பட்டைகளை இறுக்கி அதே பையைச் சுருக்கிவிடுவார்கள். இறைச்சி சுமக்காத உங்களுக்கு அந்தச் சட்டகத்தின் எடை வீண். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: காலி இடத்தைச் சுருக்கிக் கட்டுவது, கனமானதை முதுகோடு ஒட்டி வைப்பது. அரைகுறையாக நிரம்பிய பெரிய பை ஒவ்வோர் எட்டுக்கும் ஆடும். இறக்கத்தில் முழங்கால் வலிப்பதில் அந்த ஆட்டத்துக்கும் பங்கு உண்டு.

"நேபாளச் சுமைகாரர் இடுப்புப் பட்டை இல்லாமலே தூக்கறாரே?" என்று கேட்பவர்களும் உண்டு. தூக்குகிறார்தான், சில நேரம் தன் உடல் எடைக்கு நிகராகவே. அந்தச் சுமை நெற்றியில் போட்ட பட்டை வழியாகத் தலையிலும் கழுத்தெலும்பிலும் இறங்குகிறது. இளவயதிலிருந்தே பழகிய கழுத்து அது. ஆண்டுக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு மலையேறுபவர் அவரைக் காட்டி வாதாட வேண்டாம்.

கடையில் மாட்டிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. காகிதம் அடைத்த பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பையும் அழகுதான். எட்டு, பத்து கிலோ எடை போடச் சொல்லுங்கள். எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டை, அதன் நடுக்கோடு இடுப்பெலும்பின் விளிம்பில் வரும்படி. அப்புறம் தோள்பட்டை, தோளைச் சுற்றி இடைவெளியில்லாமல், ஆனால் அழுத்தாமல். பிறகு தோளுக்கு மேலே பையை முன்னால் இழுக்கும் சின்னப் பட்டை. அது ஏறக்குறைய 45 டிகிரியில் சாய்ந்து நிற்க வேண்டும், படுத்துக் கிடந்தால் பை உங்களுக்குக் குட்டை. கடைசியாக மார்புப் பட்டை, கழுத்தடியில் குறுக்கே ஓடும் காறை எலும்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே. அப்படியே இருபது நிமிடம் நடங்கள், படி ஏறி இறங்குங்கள். இடுப்புப் பட்டையை வெறியோடு இறுக்கவும் வேண்டாம்: தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய், எரிந்துகொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஒரு தோல் நரம்பு பட்டைக்கடியில் ஓடுகிறது.

தயவுசெய்து ஒன்றை மட்டும் கேளுங்கள். நடக்கும்போதே கை மரத்தால் "கேம்ப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று இழுக்காமல் அங்கேயே பையை இறக்குங்கள். எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றுங்கள், முடிந்தால் கூட வந்தவரிடம் இரண்டு கிலோவைத் தள்ளிவிடுங்கள். மறுநாள் காலையும் மரப்பு போகவில்லை, கையைத் தூக்க முடியவில்லை என்றால் திரும்பும் வழியைப் பாருங்கள். ஊர் வந்ததும் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றித் தள்ளி, பின்னால் இருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் இறக்கை மாதிரி வெளியே தள்ளினால் நரம்பு நசுங்கியிருக்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். அதுவரை அந்தப் பையைத் தொடாதீர்கள், கழுத்தை யாரிடமும் கொடுத்துச் சொடுக்கிவிடச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் வரும்போது பையையும் கையோடு எடுத்து வாருங்கள்.