ஹைப்ரிட் கிளவுடைக் ‘கலப்பின மேகம்’ என்பது ஏன் தவறு

‘உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ற கலப்பின மேகத் தீர்வு.’ சிங்கப்பூரில் சிறு நிறுவனங்களுக்காகத் தமிழில் வரும் மின்னிலக்கமயக் கையேடுகளிலும் பயிலரங்க அழைப்புகளிலும் இந்தத் தொடர் ஊன்றிக்கொண்டுவிட்டது. மாட்டுக்கும் நெல்லுக்கும் வைத்திருந்த சொல்லைக் கணினிக்கு எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள். பழகிப் பழகி இதுவே சரி என்று ஆகிவிடும் முன் மறுத்துச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் பொருள். ஒரு நிறுவனம் தன் காசில் சர்வர்களை வாங்கித் தன் அறையில் ஓட்டுகிறது. கணக்கு, சம்பளப் பட்டியல், கிடங்குச் சரக்கு எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகல் போன்றவர்களிடம் வாடகைக்கு எடுத்த கணிமையும், அதாவது இணையவழிக் கணினி வசதியும், கூடவே இருக்கிறது. இரண்டையும் ஒரே திரையிலிருந்து, ஒரே அடையாள அட்டவணையையும் ஒரே விதிமுறைகளையும் வைத்து நடத்தும்படி பிணைத்துவிட்டால் அதற்குப் பெயர் ஹைப்ரிட் கிளவுட்.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘ஹிப்ரிடா’ என்றால் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலிலும் விலங்கியலிலும் பரவியது. 1960களில் அனலாக், டிஜிட்டல் இரண்டையும் சேர்த்த கணினிகளை ஹைப்ரிட் கணினி என்றார்கள். பிறகு கார், கிளவுட், வேலைமுறை என்று எதற்கு முன்னாலும் ஒட்டும் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் பன்றியின் நினைவு யாருக்கும் இல்லை. அங்கே அது தேய்ந்த சொல். தமிழில் ‘கலப்பினம்’ அப்படித் தேயவில்லை. அதில் இன்னும் ‘இனம்’ உயிரோடு இருக்கிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கலப்பினப் பசுவை எண்ணிப் பாருங்கள். ஜெர்சியின் குணமும் நாட்டு மாட்டின் குணமும் ஒரே உடலில் சேர்ந்துவிட்டன. எந்தக் கால் ஜெர்சி, எந்தக் கொம்பு நாட்டுமாடு என்று பிரித்துக் காட்ட முடியாது. தே தாரிக்கில் பாலும் தேநீரும் சேர்ந்தது போலத்தான். ஆற்றிய பிறகு பிரிக்க வழியில்லை. தமிழில் ‘கலத்தல்’ இதைத்தான் குறிக்கிறது. ஹைப்ரிட் கிளவுடின் இலக்கணமோ நேர்மாறானது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட 800-145 எண்ணுள்ள ஆவணம்தான் இத்துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டும் வரையறை. இரண்டோ அதற்கு மேலோ தனித்தனிக் கட்டமைப்புகள், தனித்தனியாகவே நீடித்துக்கொண்டு, தரவும் செயலியும் இடம் மாறும் வகையில் பிணைக்கப்பட்டிருப்பது என்பது அதன் சாரம். தனித்தனியாகவே நீடிப்பது என்பது வரையறையின் உள்ளேயே இருக்கிறது. அதைக் ‘கலப்பினம்’ என்று பெயர்த்தவர் வரையறையைப் படிக்கவில்லை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து வைத்துவிட்டார்.

இது சொல்லழகுச் சண்டை இல்லை. தவறான சொல் தவறான கேள்விகளைக் கிளப்புகிறது. கணினி அறியாத கடை முதலாளி ‘கலப்பின மேகம்’ என்று படித்தால் முதலில் எழும் ஐயம், ‘என் கணக்கு பிறர் கணக்கோடு கலந்துவிடுமா?’ என்பதுதான். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எது என் அறையில் இருக்கும், எது வெளியே போகும், நடுவில் உள்ள கயிறு, அதாவது இணைப்பு, அறுந்தால் எது நிற்கும், எது ஓடும்?

அந்தக் கயிற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சொந்த வன்பொருளில் ஓடும் இத்தகைய அமைப்புக்கு மைக்ரோசாஃப்டின் அஷூர் லோக்கல் நல்ல எடுத்துக்காட்டு. 2024 நவம்பர் வரை அதன் பெயர் அஷூர் ஸ்டேக் எச்சிஐ. சர்வர்கள் வாடிக்கையாளருடையவை, ஒன்று முதல் 16 வரை ஒரு கொத்தாகச் சேரலாம். மெய்நிகர் கணினிகள் (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகள்) அந்தப் பெட்டிகளிலேயே ஓடும், வட்டுகளும் அங்கேயே. கட்டளையும் கணக்குவழக்கும் மட்டும் மேகத்தில். வன்பொருள் உங்களுடையதாக இருந்தாலும் மென்பொருளுக்கு மாதக் கட்டணம் உண்டு: சர்வரின் மையச் சில்லில் உள்ள ஒரு கோருக்கு (கணக்கிடும் அலகுக்கு) 10 அமெரிக்க வெள்ளி என்பது அறிவிக்கப்பட்ட விலை. தலா 32 கோர் உள்ள இரண்டு சர்வர் என்றால் மாதம் 640 வெள்ளி. கையேடு எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் வரி இது. ‘சொந்தப் பெட்டிதானே, வாடகை எதற்கு’ என்று முதலாளி நினைத்திருக்கும்போது முதல் பில் வந்து சேரும்.

இந்தக் கொத்து 30 நாளுக்கு ஒரு முறையாவது மேகத்தைத் தொட்டுப் பேச வேண்டும். பேசாவிட்டால்? ஏற்கெனவே ஓடும் மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதிதாக ஒன்றை உருவாக்க முடியாது. மறுபடி இணைந்ததும் பூட்டு திறக்கும். ஆக, கயிறு அறுந்தாலும் இரு பக்கமும் பிழைத்திருக்கின்றன. கலப்பினப் பசுவை இரண்டாக வெட்டினால் எந்தப் பாதியும் பால் கறக்காது.

நிறுவும்போது வரும் பழுதுகளும் இதையே காட்டுகின்றன. சர்வரில் மறைச்சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 சில்லு இருக்க வேண்டும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்க வேண்டும், நினைவகம் குறைந்தது 32 ஜிபி. வாங்கும்போதே பட்டியலைப் பார்த்தால் இவை தீர்ந்துபோகும். வேலையை நிறுத்துபவை பெரும்பாலும் இரு பக்கமும் சந்திக்கும் இடத்தில்தான் வருகின்றன. நிறுவனத்தின் பிணையக் காவலான ஃபயர்வால், பாதுகாப்பான இணையப் போக்குவரத்து வெளியே போகும் வாயிலான 443 போர்ட்டைத் திறந்துவிட்டாலும், டிஎல்எஸ் என்ற மறையாக்க உறையைப் பிரித்துப் பார்த்துத் தன் சான்றிதழை ஒட்டி அனுப்பினால், சர்வரை மேகத்தில் சேர்க்கும் பதிவு தோற்றுவிடும். மறுமுனை தனக்குத் தெரியாத சான்றிதழை ஏற்காது. மேகத்தின் முகவரிகளைச் சோதனையிலிருந்து விலக்கிவிட வேண்டும், வேறு வழி கிடையாது. உள்கட்டமைப்புக்கென்று அடுத்தடுத்த ஐபி முகவரிகள் ஆறாவது ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த வரிசையின் நடுவில் ஏதோ ஒரு பிரின்டர் உட்கார்ந்திருந்தால் நிறுவல் பாதியில் நிற்கும். சர்வரின் கடிகாரம், நிறுவனத்தின் பயனர் கணக்குகளைக் காக்கும் டொமைன் கன்ட்ரோலரின் கடிகாரத்திலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வாயிலிலேயே மறுத்துவிடும்.

இரண்டே சர்வர் உள்ள கொத்தில் இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று காணாமல் போனால் யார் தொடர்வது என்று முடிவுசெய்ய மூன்றாவது ஓட்டு வேண்டும். அதற்காக மேகத்தில் ஒரு சாட்சிக் கோப்பு வைப்பார்கள். சிறு கோப்புதான், ஆனால் இணையமும் ஒரு சர்வரும் ஒரே நேரத்தில் போனால், மிஞ்சிய சர்வர் நல்ல உடல்நிலையில் இருந்தும் தனித்து முடிவெடுக்க முடியாமல் நின்றுவிடக்கூடும். எனவே சாட்சிக்குப் போகும் வழியில் இரண்டாவது இணைய இணைப்பு ஒன்று, குறைந்தது ஒரு 4ஜி ரவுட்டராவது, இருப்பது நல்லது.

பழுது பார்க்க வருபவர் இவை ஒவ்வொன்றிலும் கேட்கும் முதல் கேள்வி ‘எந்தப் பக்கம்?’ என்பதே. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, நடுவிலா? பக்கங்களையே அழித்துவிடும் சொல்லைக் கையில் கொடுத்தால் அவர் எதைப் பற்றிக்கொண்டு கேட்பார்?

சரி, மாற்று என்ன? ‘கலப்பு மேகம்’, ‘கலவை மேகம்’ இரண்டுக்கும் அதே குற்றம்; ‘இனம்’ போனாலும் ‘கல’ அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்குக் ‘கலப்படம்’ என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறது. ‘கூட்டு மேகம்’ பரவாயில்லை: கூட்டு நிறுவனத்தில் பங்காளிகள் தனித்தனி ஆட்கள்தாம். ஆனால் பல நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்தும் கம்யூனிட்டி கிளவுடுக்கு அந்தச் சொல் தேவைப்படும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது? ‘இணை’யில் தொடங்கும் எதுவும் இணையத்தோடு குழம்பும்.

‘ஒட்டு’ உண்மையில் அழகான சொல். ஒட்டு மாங்கன்றில் அடிக்கன்றின் வேர் ஒன்று, மேலே ஒட்டிய கிளை வேறொன்று. சேர்ந்து வாழ்ந்தாலும் இரண்டும் தத்தம் தன்மையை விடுவதில்லை. ஹைப்ரிட் கிளவுடுக்கு இதைவிடப் பொருத்தமான படம் தமிழில் கிடைக்காது. இருந்தும் ‘ஒட்டு மேகம்’ என்று எழுதினால், கிழிந்த துணியில் போட்ட ஒட்டுத்தான் பலருக்கு நினைவில் வரும். மனமில்லாமல்தான் இதைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. வேளாண் துறையினர் ஹைப்ரிட் விதைக்கு ‘வீரிய ஒட்டு’ என்று பெயர் வைத்தபோது விதையைப் பார்த்து வைத்தார்கள், அகராதியைப் பார்த்து அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எனக்குச் சரியாகப் படுவது ‘ஈரிடம்’. ஈரிடக் கணிமை, ஈரிடக் கட்டமைப்பு. ஈராண்டு, ஈருருளி என்று நாம் ஏற்கெனவே சொல்லும் அமைப்புதான். கேட்டவுடன் புரிகிறது: இரண்டு இடங்களில் நடப்பது. கேட்பவர் அடுத்துக் கேட்கப்போவது ‘எந்த இரண்டு?’ என்பது, அதுவே அவர் கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

இதற்கு மூன்று மறுப்புகள் வரலாம். முதலாவது, இலக்கணத்தில் ‘இடம்’ என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை அல்லவா என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். கணிமைக்கு முன்னால் வரும்போது அந்தக் குழப்பம் எழாது. எழுந்தாலும் ‘என்னுடையது, அவர்களுடையது’ என்றே பொருள் தரும். கெடுதல் இல்லை. இரண்டாவது, நிஸ்ட் ‘இரண்டோ அதற்கு மேலோ’ என்கிறதே என்பது. துவாசில் ஒரு தொழிற்சாலை, உட்லண்ட்சில் ஒரு கிடங்கு, இரண்டு மேக நிறுவனங்கள் என்று நான்காக விரிந்தாலும் எண்ணுவது கட்டடங்களை அல்ல. தன் பொறுப்பில் உள்ளதும் பிறர் பொறுப்பில் உள்ளதும் என்ற இரண்டைத்தான். மூன்றாவது மறுப்பு கனமானது. அமேசானின் அவுட்போஸ்ட்ஸ் போன்ற அமைப்பில் வன்பொருள் அமேசானுடையது, ஆனால் உங்கள் அறையில் நிற்கிறது. இன்னொருவர் தம் சொந்த சர்வரை வாடகைத் தரவு நிலையத்தில் வைத்திருக்கிறார். அப்போது ‘இடம்’ எதைக் குறிக்கும்? இந்த இரண்டிலும் ஈரிடம் என்பது பொய்யாகவில்லை, ஆனால் யாருடைய பெட்டி என்பதை அது சொல்லவில்லை. அதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்: ‘சொந்த வன்பொருளில் ஈரிடக் கட்டமைப்பு’, ‘வாடகை வன்பொருளில் ஈரிடக் கட்டமைப்பு’. ஆங்கிலத்திலும் இதற்குத் தனி அடைமொழி போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

‘மேகம்’ வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அது வடசொல், ‘முகில்’ என்று எழுதுங்கள் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மக்கள் நாவில் ஏறிவிட்ட ‘மேகக் கணிமை’யைப் பிடுங்கி எறிவதால் தெளிவு கூடப்போவதில்லை. நான் தடுப்பது வேறொன்று. பிணையப் படங்களில் மேகம் வரைந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டாம் என்பதைக் காட்டத்தான். சொந்த சர்வரில் ஓட்டுபவருக்கு எந்த வட்டு எந்தத் துளையில் இருக்கிறது என்பது வரை தெரிய வேண்டும். அதனால்தான் ‘ஈரிட மேகம்’ என்னாமல் ‘ஈரிடக் கட்டமைப்பு’ என்கிறேன். அதுவும் சிங்கப்பூரில் மேகம் தொலைவில்கூட இல்லை. அமேசானும் மைக்ரோசாஃப்டும் 2010இலேயே இந்தத் தீவில் வட்டாரம் (தரவு நிலையத் தொகுப்பு) திறந்துவிட்டன. கூகலின் தரவு நிலையம் ஜூரோங் வெஸ்ட்டில் நிற்கிறது. துவாசில் உள்ள தொழிற்சாலைக்கு அது பக்கத்துப் பேட்டை. இங்கே சொந்தப் பெட்டி வைத்திருப்பவர் தூரத்துக்கு அஞ்சி வைக்கவில்லை. இணையம் போனாலும் இயந்திரம் நிற்கக் கூடாது, சில தரவு வெளியே போகக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிறார்.

தமிழ் இணைய மாநாடு முதன்முதலாகக் கூடியது 1997இல், இதே சிங்கப்பூரில். அன்று எழுத்துரு, விசைப்பலகை, கலைச்சொல் என்று ஒவ்வொன்றுக்கும் அமர்ந்து விவாதித்தார்கள். இன்று மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலக் கோப்பு மாலை நான்கு மணிக்கு வருகிறது, மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டும். மொழிபெயர்ப்பு இயந்திரம் ‘கலப்பின’ என்று போடுகிறது. திருத்துபவர் ஒற்று மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைத் தினமும் கையாளும் பொறியாளர்களில் தமிழர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசச் சொல்லி யாரும் ஏற்பாடு செய்வதில்லை. பொறியாளர்களும் ‘தமிழ்தானே, யாரோ பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தொடக்கத்தில் காட்டிய தொடரை இப்படி எழுதலாம்: ‘உங்கள் சொந்த சர்வர்களையும் வாடகை மேகக் கணிமையையும் இணைத்து நடத்தும் ஈரிடக் கட்டமைப்பு.’ நீளம் இரட்டிப்பாகிவிட்டது, உண்மைதான். படிக்கும் முதலாளிக்குத் தன் பெட்டி தன் அறையிலேயே இருக்கப்போகிறது என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது.