புரூசெல்லா அபார்ட்டஸ்: கன்று வீச்சு நோய்க் கிருமி

மாடுகளைத் தாக்கி, சினையின் பிற்பகுதியில் கன்றை வெளித்தள்ளச் செய்யும் பாக்டீரியா இனம் இது.

பெயரின் முதல் பாதி, டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவருடையது. மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் மண்ணீரலில் ஒரு கிருமியைக் கண்டு, 1887இல் அறிவித்தார். ஆனால் அது ஆட்டிலிருந்து பரவுவது. மாட்டுக் கிருமியை 1897இல் அறிவித்தவர் டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங். இரண்டும் நெருங்கிய உறவுடையவை என்று 1918இல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ். அப்புறம்தான், 1920இல், புரூசெல்லா என்ற பேரினப் பெயர் வந்தது. மாட்டுக் கிருமியைக் கண்ட பாங்கின் பெயரும் அதில் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாம் பாதியான 'அபார்ட்டஸ்' லத்தீன் சொல். பிறத்தல், உதித்தல் என்ற பொருளுள்ள வினையோடு விலகலைக் குறிக்கும் முன்னொட்டு சேர்ந்தது. கருச்சிதைவு என்று பொருள். காரணப்பெயர்தான். சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் மிகுதி. இந்தக் கிருமி அதை விரும்பி உண்டு அங்கேயே பெருகுகிறது. பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்று விழுந்துவிடும். நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? புரூஸ் என்பது ஆள்பெயர்; அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அறிவியல் பெயரை அப்படியே எழுதலாம். நோய்க்குக் 'கருச்சிதைவு நோய்' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் 'மாடு கன்று வீசிவிட்டது' என்பது மாடு வளர்ப்போர் பேச்சு. ஏறக்குறைய உருவான கன்று காலத்துக்கு முன்பே விழுவதை அது அப்படியே சொல்கிறது. கால்நடைத் துறையின் தடுப்பூசி முகாம் அறிவிப்புகளிலும் 'கன்று வீச்சு நோய்' என்றே வருகிறது. நான் இதையே எழுதுவேன்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கன்று வீசியதெல்லாம் இந்த நோய் அல்ல. வேறு கிருமிகளாலும் அடிபடுவதாலும் அது நேரும். பரிசோதனைதான் உறுதிசெய்யும். அதுவரை விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது, பாலைக் காய்ச்சாமல் குடிக்கவும் கூடாது. மனிதருக்கு இது விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டுவலியாகவும் தொற்றும். தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும். காளைக் கன்றுகளுக்குப் போடுவதில்லை.