சர்வருக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பசுந்தேயிலைக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பேச்சு நடந்தது. "ஓப்பன் சோர்ஸ் சர்வர் போட்டா லைசென்ஸ் செலவே இல்ல சார்" என்றார் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி. மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்துவிட்ட மென்பொருள்தான் ஓப்பன் சோர்ஸ். மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சர்டிஃபிகேட் இருக்கா?" நியாயமான கேள்வி. சிறு விவசாயிகளின் மாதப் பணம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பயன்.

ஜாவா என்ற நிரல்மொழியின் உலகத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவன மென்பொருளுக்கான சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஜே2இஇ என்ற விதித்தொகுப்பு சொன்னது. அதைப் படித்து யாரும் சர்வர் செய்யலாம். செய்தது விதிப்படி இருக்கிறதா என்று பார்க்க, ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஒரு சோதனைத் தொகுப்பை வைத்திருந்தது. 1.4 பதிப்புக்கு மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட சோதனைகள்.

அவற்றில் ஒரு வகை, விதியில் சொன்ன ஒவ்வொரு செயற்கூறும் அதே பெயரில், அதே உள்ளீட்டோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். சுவையான பகுதி அடுத்தது: சர்வரின் நடத்தையைச் சோதிப்பது.

ஒருவர் 42 கிலோ பசுந்தேயிலை கொண்டுவருகிறார். அந்த எடை தொழிற்சாலை இருப்பில் ஏற வேண்டும், அவர் கணக்கிலும் ஏற வேண்டும். முதலாவது முடிந்து இரண்டாவதற்குள் நிரல் எதிர்பாராமல் முறிந்தால், சர்வர் தானாகவே முதல் பதிவையும் அழித்துவிட வேண்டும். அதுவே, "இந்த உறுப்பினர் எண் இல்லை" என்று நிரலே முன்கூட்டி எதிர்பார்த்துச் சொல்லும் பிழையாக இருந்தால், சர்வர் தானாக எதையும் அழிக்கக் கூடாது. அழிக்கச் சொல்வது நிரல் எழுதியவர் பொறுப்பு. சோதனை இந்த இரண்டு பிழைகளையும் வேண்டுமென்றே கிளப்பிவிட்டு, அப்புறம் தரவுத்தளத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும். இந்த இடத்தில் இரண்டு சர்வர்கள் வேறு வேறு மாதிரி நடந்தால், ஒரே நிரல் இரண்டு கணக்குக் காட்டும். நிறுவனங்கள் பயப்படுவது இதற்குத்தான்.

தேவையான சோதனை அத்தனையிலும் தேற வேண்டும். 99 சதவீதம் என்ற பேச்சே கிடையாது. சோதனையே தவறு என்று தோன்றினால் முறையிடலாம். முறையீடு சரியென்றால் அந்தச் சோதனை எல்லோருக்கும் விலக்கப்படும்.

சிக்கல் என்னவென்றால், சர்வரின் நிரல் திறந்திருந்தாலும் சோதனைத் தொகுப்பு பூட்டியே இருந்தது. சன்னின் உரிமம் இல்லாமல் அதை ஓட்ட முடியாது. ஜேபாஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் சர்வர் 2004-இல் சான்று பெற்றது. அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் ஜெரோனிமோ சர்வர் 2005-இல். ஆனால் ஜாவாவையே ஓப்பன் சோர்ஸாகப் புதிதாக எழுதி அதே அப்பாச்சி அமைப்பு செய்த ஹார்மனிக்குச் சன் தர முன்வந்த சோதனை உரிமம், பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அப்பாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. ஹார்மனி சான்று பெறாமலேயே 2011-இல் முடிந்துபோனது. எத்தனையோ பேரின் உழைப்பு அது. இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. 2018-இல் எக்ளிப்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் அறக்கட்டளையின் கீழ் இந்தச் சோதனைகள் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தன. ஜே2இஇ-க்கு இப்போது ஜகார்த்தா இஇ என்று பெயர், யாரும் அதன் சோதனையை இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். தேறியவர்கள் முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். இந்தத் துறையில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான் என்பேன்.

சரி, இந்தச் சான்று எதைச் சொல்லாது? வேகத்தை, பாதுகாப்பை, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் தாங்குமா என்பதை. பாதுகாப்புக்குக் காமன் கிரைட்டீரியா என்ற பன்னாட்டுச் சான்று தனியாக உண்டு. 2003-இல் சூசே லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் ஐபிஎம் துணையோடு அதைப் பெற்றது. இந்தியாவில் அதை வழங்குவது மத்திய மின்னணுத் துறையின் கீழுள்ள எஸ்டிக்யூசி என்ற சோதனை அமைப்பு.

எந்தச் சான்றானாலும் குறிப்பிட்ட பதிப்புக்கும் அது ஓடும் சூழலுக்கும்தான் செல்லும். குன்னூர் ஏலத்தில் டேஸ்டர் இந்த லாட்டைக் குடித்துப் பார்த்துச் சொன்னது அடுத்த லாட்டுக்குச் செல்லாது அல்லவா, அதுபோலத்தான். ஆகவே பெயரைப் பார்த்து நின்றுவிடாமல் பதிப்பு எண், ஜாவா பதிப்பு, இயங்குதளம் மூன்றையும் பாருங்கள்.

இன்னொன்று. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட இயங்குதளப் பட்டியலில் சந்தா கட்டி வாங்கும் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் உண்டு. அதே மூல நிரலிலிருந்து கட்டப்பட்டு, 2024-இல் நின்றுபோன இலவச சென்ட்ஓஎஸ் லினக்ஸ் அதில் இடம்பெற்றதில்லை. காரணம் நிரலில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சர்வர் படுத்தால் யார் பதில் சொல்வார் என்பதில் இருக்கிறது. நிறுவனங்கள் சந்தா கட்டுவது பெரும்பாலும் அந்தப் பதிலுக்குத்தான். இலவசப் பதிப்பைப் போடும் தொழிற்சாலை, ஊட்டியிலோ கோவையிலோ விவரம் தெரிந்த ஒருவரைப் பிடித்து, பாதுகாப்புத் திருத்தங்களை யார் போடுவது, எத்தனை மணி நேரத்துக்குள் வந்து பார்ப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கான பணத்தையும் பட்ஜெட்டில் ஒதுக்கிவிட வேண்டும்.