வராத குருவியை விட, போகாத குருவியைக் கவனியுங்கள்

"பத்து நாளா ஒரு குருவிகூட வரலீங்க, ஏதாவது நோய் வந்துடுச்சா?" வட சென்னையில் ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் மொட்டை மாடியில் தீனித் தட்டு வைப்பவர்கள் மழைக்காலம் முடியும் நேரத்தில் அதிகம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் நோய் இல்லை. நோய் வந்த குருவி தட்டை விட்டுப் போகாது, அங்கேயே கிடக்கும். மற்றவை விருட்டென்று பறந்த பிறகும் உப்பிய உடம்போடு தட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றைக் குருவிதான் கவலைப்பட வேண்டியது.

முதலில் வராதவற்றைப் பார்ப்போம். தினைக்குருவி என்று நாம் சொல்லும் சில்லைகளுக்கு (புள்ளிச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை) புல் விதைதான் முக்கிய உணவு. அதிலும் பால் பிடித்த பச்சை விதை என்றால் கடையில் வாங்கிய தினையைத் திரும்பியும் பார்க்காது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும் ரெட்டேரி, மாதவரம் ஏரிக் கரைகளிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் காலி மனைகளிலும் புல்லும் கோரையும் கதிர் விடும். கூட்டம் கூட்டமாக அங்கே போய்விடும். புல் காய்ந்ததும் திரும்பி வரும். ஒன்றிரண்டு மாதம் காணவில்லை என்று தீனியைக் கூட்டி வைக்க வேண்டாம். தின்ன ஆளில்லாத தானியம் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், அதுதான் அடுத்து வரும் பறவைக்கு ஆபத்து.

சிட்டுக்குருவியின் கதை வேறு. குஞ்சு பொரித்த முதல் நாட்களில் அதற்குப் புழுவும் பூச்சியும்தான் வேண்டும். தாயும் தகப்பனும் செடி கொடியைத் தேடி அலையும், தட்டுக்கு வருவது குறையும். வல்லூறு ஒன்று பக்கத்துக் கட்டடத்தில் உட்காரத் தொடங்கினாலும் சில நாள் எட்டிப் பார்க்காது. ஆனால் ஓட்டு வீட்டையோ பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டையோ இடித்து அடுக்ககம் கட்டிய பிறகு வராமல் போனால் அது பருவம் அல்ல. கூடு கட்டப் பொந்து இல்லை. செல்போன் டவரைக் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது, அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைப்படி, நாடு முழுவதுமாகப் பார்த்தால் சிட்டுக்குருவி நிலையாகவே இருக்கிறது. குறைந்திருப்பது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான்.

இனி நோய். தீனித் தட்டு எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. புறா இனங்களின் தொண்டையில் வாழும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி 2005-ல் அங்கே தோட்டங்களுக்கு வரும் ஃபின்ச் என்ற விதை தின்னும் சிறு பறவைகளிடம் தென்பட்டது. அடுத்த ஆண்டே கொள்ளை நோயாகப் பரவியது. அவற்றில் ஒன்றான கிரீன்ஃபின்ச் 2021-ல், மிகுந்த கவலைக்குரிய பறவைகளைச் சேர்க்கும் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. எச்சில் பட்ட தானியமும் தண்ணீரும் அது பரவும் முக்கிய வழிகள்.

வட சென்னைக்காரர்கள் இதை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். பந்தயப் புறா வளர்க்கும் மாடிகள் இங்கே நிறைய. புறாவின் வாய்க்குள் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போலப் படியும் புண்ணைப் புறாக்காரர்கள் நன்றாக அறிவார்கள், அதே ஒட்டுண்ணிதான். வெளியில் எந்த அறிகுறியும் இல்லாமலே பல புறாக்கள் அதைச் சுமக்கும். புறா குடிக்கும் தொட்டியும் குருவிக்கு வைக்கும் கிண்ணமும் ஒன்றாக இருக்கவே கூடாது. புறா நுழைய முடியாதபடி குருவித் தட்டைக் கம்பி வலைக்குள் வையுங்கள், குருவி நுழையும் அளவுக்கு மட்டும் வழி விடுங்கள்.

நோய் கண்ட குருவியைச் சற்று நின்று பாருங்கள். தானியத்தை எடுக்கும், அலகில் உருட்டும், தானியத்தின் தோல் உதிரும், ஆனால் விழுங்க முடியாது. தொண்டை ஏறி இறங்கும். நனைந்த நொய் அலகோரம் ஒட்டிக்கொண்டிருக்கும், முகத்து இறகு ஈரத்தில் சடை பிடித்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும். ஆள் கிட்டே போனாலும் பறக்காது. சால்மோனெல்லா கிருமி தாக்கினாலும் இதே உப்பலும் சோர்வும்தான், பின்பக்கம் எச்சம் அப்பியிருக்கலாம். வெளிப்பார்வையில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணைச் சுற்றியும் காலிலும் கடுகு, மிளகு அளவில் பருக்கள் இருந்தால் பறவை அம்மை. அதைக் கொசுவும் பரப்பும்.

மழை நாள் காலையில் எல்லாக் குருவியும் குளிருக்கு உப்பித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். வாயோரம் மஞ்சளாக, இறகைப் படபடத்துக் கத்துவது இப்போதுதான் கூட்டை விட்டு வந்த குஞ்சு. அதைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு.

சந்தேகப்படும்படி ஒரு குருவி தெரிந்தாலும் தீனி, தண்ணீர் இரண்டையும் அன்றே எடுத்துவிடுங்கள். குறைந்தது இரண்டு வாரம், செத்த பறவை கிடைத்தால் நான்கு வாரம். பாவம் என்று தோன்றும். ஆனால் தட்டு இருக்கும்வரை கூட்டம் ஒரே இடத்தில் கூடும், எடுத்துவிட்டால் பிரிந்து போகும், தொற்று அறுபடும். ட்ரைக்கோமோனாஸுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துக் கிண்ணத்தில் கலக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். எந்தப் பறவை எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாது. அளவு குறைந்தால் கிருமி மருந்துக்குப் பழகும், கூடினால் பறவைக்கு நஞ்சு.

தட்டைக் கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டு எச்சம், தோல் எல்லாம் போகத் தேய்க்க வேண்டும், அழுக்கு இருந்தால் பிளீச்சில் உள்ள குளோரின் வீணாகிவிடும். பிறகு ஒரு பங்கு வாசனையில்லாத பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். கழிவறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். நன்றாக அலசி வெயிலில் காயவிடுங்கள். ஈரம் போனால் ட்ரைக்கோமோனாஸ் நீடிக்காது. நம் ஊர் வெயில் பெரிய வரம், மார்கழி மூடுபனியில் அது குறைவதால்தான் கூடுதல் கவனம். நோய் இல்லாத நாளிலும் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். மரத் தட்டும் மெருகில்லாத மண் சட்டியும் நீரை உறிஞ்சும், சுத்தம் ஆகாது. பீங்கானோ எவர்சில்வரோ நல்லது. தண்ணீரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வைக்காமல் தினமும் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்து மாற்றுங்கள். கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. கீழே விழுந்த எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

வீட்டில் கூண்டில் ஜீப்ரா ஃபின்ச், பெங்காலிஸ் போன்ற சிறு பறவைகளை வளர்ப்பவர்கள் தீனித் தட்டுக்கு அடியில் கூண்டை வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் தொற்றும். காட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

செத்த குருவியைப் பாலிதீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, பையை உள்வெளியாகத் திருப்பிக் கட்டி, நாய் பூனை எடுக்காத ஆழத்தில் புதையுங்கள். கையைச் சோப்பால் கழுவுங்கள், பறவையின் ட்ரைக்கோமோனாஸ் நமக்கு ஒட்டாது என்றாலும் சால்மோனெல்லா ஒட்டும். ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

மீண்டும் தொடங்கும்போது பழைய இடத்தில் வேண்டாம், சில அடி தள்ளி வையுங்கள். காலையில் இரண்டு ஸ்பூன் நொய்யோ தினையோ போதும். மாலையில் மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டு, மறுநாள் ஒரு ஸ்பூன் வையுங்கள். உப்புப் போட்ட மிக்சர், பிஸ்கட் வேண்டாம். முதல் வாரம் தினமும் பத்து நிமிடம் நின்று, கூட்டம் பறந்த பிறகு தட்டில் ஏதாவது மிஞ்சி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.